ஊசியோடு வருபவர்களும் கேள்வியோடு நிற்கும் பெண்களும்

எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்து கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை நிரூபிக்க அவருக்கு ஆட்கள் வேண்டும். தொற்று எட்டிப் பார்க்காத ஊரில் மருந்தைக் கொடுத்துவிட்டு, பாருங்கள், யாருக்கும் வரவில்லை என்றால் சிரிப்பார்கள். கணக்கு எளியது. ஆண்டுக்கு நூற்றில் மூன்று பேருக்குத் தொற்று வரும் கூட்டத்தில், ஓராண்டில் நூறு தொற்றுகளைக் காண ஏறத்தாழ 3,300 பேர் போதும். ஆயிரத்தில் மூன்று பேருக்கு வரும் கூட்டம் என்றால் 33,000 பேரைச் சேர்க்க வேண்டும்; செலவும் அதற்கேற்ப ஏறும். அதனால்தான் 1980களின் நடுவிலிருந்தே தடுப்பு மருந்து ஆராய்ச்சி முதலில் போய்த் தட்டிய கதவுகளில் ஒன்றாகப் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் கதவு இருந்துவருகிறது.

அந்தக் கதவு திறக்குமா என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளத் தனியாக ஓர் ஆய்வு மரபே வளர்ந்துவிட்டது. 'இப்படி ஒரு சோதனை நடந்தால் சேர்வீர்களா?' என்று கேள்வித்தாளில் கேட்பார்கள். 'கட்டாயம் சேர்வேன்', 'ஒருவேளை சேர்வேன்', 'மாட்டேன்' என்று கட்டங்கள் இருக்கும். முடிவில் நூற்றுக்கு இத்தனை பேருக்கு விருப்பம் என்று ஓர் எண் வரும். அந்த எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. விருப்பம் என்பது உயரம், எடைபோல ஒரு பெண்ணிடம் ஏற்கெனவே இருந்து, நாம் போய் அளந்துவிட்டு வருகிற பொருள் அல்ல. கேட்பவர் யார், மருந்து பொய்த்துப்போனால் அவர் எங்கே இருப்பார் என்பதைப் பார்த்து அவள் தருகிற பதில் அது. நாற்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், ஒரே தொழில் செய்யும் பெண்கள் ஓரிடத்தில் மறுத்ததற்கும் இன்னோரிடத்தில் திரண்டு வந்ததற்கும் காரணம் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மலையூரான கரியாலூரிலிருந்து இதை எழுதுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. மலையில் இந்தத் தொழில் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. மலையாளிப் பழங்குடிப் பெண்கள்மேல் அப்படி ஒரு பேச்சைக் கொண்டுவந்து போடுவது அநியாயம். ஆனால் இதே மாவட்டத்தின் சமவெளியில் இரண்டு இடங்கள் எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்று, சென்னை–திருச்சி சாலையும் சேலம் சாலையும் கூடும் உளுந்தூர்பேட்டை. லாரிகள் நிற்கும் இடம். மற்றது அதே வட்டத்தில் உள்ள கூவாகம். சித்திரைப் பௌர்ணமிக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் கூடுமிடம். மேலே மலையிலோ, அதிகாரி ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் எதற்கு வருகிறார் என்று முதலில் ஒதுங்கி நின்று பார்க்கும் பழக்கம் தலைமுறைகளாக உண்டு. 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த பூமி இது. அதன்பிறகும் மேலே ஏறி வந்த அரசு முகங்களில் சாராய ஊறலைத் தேடி வந்த போலீஸ் முகம்தான் அதிகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது மலையின் பெயர் மறுபடி செய்தித்தாளில் வந்தது. மாவட்டத்துக்கு வெளியே பலர் இந்த மலையை அறிந்ததே அப்போதுதான். பெயரைச் சொல், ரேகை வை, ரத்தம் கொடு என்று கேட்கப்படும் மனிதர் என்ன நினைப்பார் என்பதை இங்கிருந்து பார்ப்பது கடினமல்ல.

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் கதையே பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில்தான் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பாக எய்ட்ஸ் கண்காணிப்பைக் கொடுத்தார். நிர்மலா மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோமுக்குப் போய், போலீஸ் பிடித்து அடைத்துவைத்திருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். 1986இல் அவற்றில் ஆறு மாதிரிகளில் தொற்று உறுதியானது. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாட்டைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது, மறுப்பதற்கில்லை. ஆனால் எதற்காக ரத்தம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். வேறு ஏதோ பால்வினை நோய்க்கான சோதனை என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்களாம். நிர்மலாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் எந்த மருத்துவமனையிலும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இருந்தாலும் பூட்டிய வீட்டுக்குள் எடுத்த ரத்தம், பூட்டிய வீட்டுக்குள் எடுத்த ரத்தம்தான்.

அடுத்து நடந்ததுதான் மோசம். தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர்களை விடுவிக்க உத்தரவு வந்தது. 1990இல் மும்பையின் விடுதிகளிலிருந்து 800க்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களைத் தனி ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ரயிலுக்கு முக்தி எக்ஸ்பிரஸ் என்று பெயர். வந்தவர்களுக்குக் காத்திருந்தவை காப்பகமும் ரத்தப் பரிசோதனையும். ரத்தம் கொடுத்தால் சிறை என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த தலைமுறையிடம் போய் 'ஆராய்ச்சிக்குச் சேர்வீர்களா' என்று கேட்டோம்.

அந்த அவநம்பிக்கையை ஓரளவு கரைத்தது ஆராய்ச்சியல்ல, ஆணுறை வேலை. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. நாட்டிலேயே முதலாவது மாநிலச் சங்கம். 1995இலிருந்து வி.எச்.எஸ். தொண்டு நிறுவனம் நடத்திய அபாக் திட்டம், 2003இலிருந்து கேட்ஸ் அறக்கட்டளையின் ஆவஹான் திட்டம் என்று பணமும் ஆட்களும் வந்தார்கள். தொழிலில் இருக்கும் பெண்ணையே களப்பணிக்கு எடுத்தது இவற்றின் பெரிய மாற்றம். பஸ் ஸ்டாண்டில் நிற்பவளிடம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவளே வந்து பேசினாள். ரத்தப் பரிசோதனை செய்யுமிடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்தார்கள்; பெயருக்குத் தகுந்தபடி நடந்துகொண்ட மையங்களும் இருந்தன. 2017ஆம் ஆண்டுக் கண்காணிப்புக் கணக்கில் இந்திய அளவில் பெண் பாலியல் தொழிலாளர்களிடம் தொற்று 1.56 விழுக்காடாகவும் திருநங்கைகளிடம் 3.14 விழுக்காடாகவும் இருந்தது. 1990களில் இந்தியா முழுதும் ஆப்பிரிக்காவாகிவிடும் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்த எண்கள் அல்ல இவை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தடுப்பு வேலை வென்ற இடத்தில் தடுப்பு மருந்துச் சோதனை நடத்த முடியாது. போதுமான தொற்றுகள் வராது. சோதனையில் சேரும் எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் தர வேண்டும் என்பது நெறி. அவை முழுதாகப் பலித்தால் மருந்தின் பலன் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சோதனைக்குள்ளும், அதில் சேர்ந்த பெண்களில் சிலருக்காவது நோய் வரும் என்ற எதிர்பார்ப்பு கணக்காக உட்கார்ந்திருக்கிறது. இதை ஒப்புதல் படிவத்தில் இவ்வளவு பச்சையாக யாரும் எழுதுவதில்லை. பெண்கள் பலர் தாமாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அப்படிக் கண்டுபிடிக்க வைத்த சோதனைகளில் முதன்மையானது நோனாக்சினால்-9. விந்தணுக்கொல்லியாக நெடுங்காலம் விற்ற இந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி. கிருமியையும் கொன்றது. பெண் தன் கையில் வைத்துக்கொள்ளும் தடுப்பு கிடைத்துவிட்டது என்று எதிர்பார்த்தார்கள். பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் ஜெல்லாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000 ஜூலையில் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வந்தது. மருந்து பெற்ற 376 பேரில் 59 பேருக்குத் தொற்று. போலி ஜெல் பெற்ற 389 பேரில் 45 பேருக்கு. அடிக்கடி பூசியவர்களுக்கு உள்சுவரில் புண் உண்டாகி, காக்க வந்த மருந்தே கிருமிக்கு வழிவிட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருமுறை உறவு கொள்பவளுக்கும் பலமுறை கொள்பவளுக்கும் உடலில் ஒரே விளைவு வராது என்பதை அந்தப் பெண்களின் உடலில்தான் மருத்துவம் படித்துக்கொண்டது.

இத்தகைய ஜெல் சோதனையின் இந்திய அத்தியாயம் சென்னையிலும் நடந்தது. செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற இன்னொரு ஜெல். கான்ராட் என்ற அமெரிக்க நிறுவனம் பெனின், உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளோடு இந்தியாவில் சென்னையையும் கர்நாடகத்தின் பாகல்கோட்டையையும் சேர்த்துக்கொண்டது. சென்னைப் பகுதி சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில். பல துணைகளோடு உறவுகொள்ளும், தொற்று ஆபத்து கூடிய பெண்களே தேவைப்பட்டார்கள். மொத்தம் 1,398 பேர் சேர்ந்தார்கள். 2007 ஜனவரி 31 அன்று சோதனை திடீரென்று நிறுத்தப்பட்டது. இடைக்காலக் கணக்கில் ஜெல் பெற்றவர்களிடம் 24 தொற்று, போலி ஜெல் பெற்றவர்களிடம் 11. முழுக் கணக்கு முடிந்தபோது அது 25க்கு 16 ஆனது. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்று புள்ளியியல் சொன்னது. அறிவியல் கட்டுரைக்கு இது ஆறுதல். மருந்தை நம்பிப் பூசியவளுக்கு இந்த இரண்டாவது கணக்கால் என்ன பயன் என்பது வேறு.

நிறுத்தியது சரியான செயல். கண்காணிப்புக் குழு தன் வேலையைச் செய்தது. செய்தியை மறைக்கவும் இல்லை. ஆனால் நிறுத்தப்பட்ட சோதனையின் செய்தி தெருவுக்கு வரும்போது 'மருந்து பலிக்கவில்லை' என்று வருவதில்லை. 'ஊசி போட்டு நோயைக் கொடுத்துவிட்டார்கள்' என்றுதான் வரும். அதில் ஊசியே இல்லை என்று விளக்க அங்கே யாரும் நிற்பதில்லை. அடுத்த சோதனைக்கு ஆள் தேடி வருபவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தத் தெருப்பேச்சுக்கு.

இதற்கு மூன்றாண்டு முன்பே கம்போடியப் பெண்கள் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்போம் என்று நின்றார்கள். டெனோஃபோவிர் மாத்திரையைத் தினமும் விழுங்கினால் தொற்று தடுக்கப்படுமா என்று 960 பாலியல் தொழிலாளர்களிடம் சோதிக்கத் திட்டம். அங்கே பல ஆயிரம் உறுப்பினர்களைக் கொண்ட பெண்கள் ஒற்றுமை வலைப்பின்னல் என்ற தொழிலாளர் அமைப்பு இருந்தது. அது மருந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பது, சோதனை நடக்கும்போது தொற்று வந்துவிட்டால் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து யார் தருவது, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு மருத்துவக் காப்பீடு தருவீர்களா என்று கேட்டது. நீண்டகாலக் காப்பீடு நடக்கிற காரியமல்ல என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். 2004 ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் சோதனையையே தடுத்துவிட்டார். கேமரூனின் டூவாலா நகரில் 400 பெண்களிடம் நடந்துகொண்டிருந்த அதே மருந்தின் சோதனையும் 2005 பிப்ரவரியில் நின்றது. பிரெஞ்சு பேசும் பெண்களுக்கு ஆங்கிலத்தில் தகவல் தாள் கொடுத்தார்கள் என்பது அங்கே எழுந்த புகார்களில் ஒன்று.

கம்போடியாவை 'விருப்பமின்மைக்கு' எடுத்துக்காட்டாகப் பல கட்டுரைகள் காட்டுகின்றன. எனக்கு அது நல்ல கூலிப் பேச்சுவார்த்தையாகப் படுகிறது. பேச்சு முறிந்ததில் இழப்பு இரு பக்கமும்தான். அந்த மாத்திரை பின்னால் பலன் தந்தது, பிரெப் என்ற பெயரில் இன்று உலகெங்கும் கொடுக்கிறார்கள். மறுத்த பெண்கள் அறிவியலைத் தாமதப்படுத்திவிட்டார்கள் என்று சொல்பவர்கள், அவர்கள் கேட்டவற்றில் தொற்று வந்தவருக்குச் சிகிச்சை என்பது சில ஆண்டுகளில் எழுதப்பட்ட நெறியாகிவிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007இல் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு வெளியிட்ட பங்கேற்பு நெறிமுறைகள் கம்போடியாவும் கேமரூனும் தந்த அடியிலிருந்து பிறந்தவை. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை உட்படச் சில மையங்களில் தொடங்கியதால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இங்கே அரசு பதில் சொல்லிவிட்டது.

தடுப்பூசி ஆராய்ச்சி சென்னைக்கு வந்த கதை வேறு மாதிரி. 2006இல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எம்.வி.ஏ. வகை எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை 32 தன்னார்வலர்களோடு நடந்தது. முதல் கட்டத்தில் பாதுகாப்பைத்தான் பார்ப்பார்கள். ஆகவே ஆபத்துக் குறைந்த, ஆரோக்கியமான ஆட்களைத் தேர்ந்தார்கள். பாலியல் தொழிலாளர்கள் தேவைப்படுவது பலனைப் பார்க்கும் பிந்தைய கட்டத்தில். அந்தக் கட்டம் வந்தால் சேர்வார்களா என்று அதே மையத்தின் ஆய்வாளர்கள் சென்னையில் தொற்று ஆபத்துள்ளவர்களிடம் விசாரித்து 2006இல் எழுதினார்கள். ஓரினச்சேர்க்கை ஆண்களிடம் சென்னையிலும் மும்பையிலும் வெங்கடேசன் சக்கரபாணியும் கூட்டாளிகளும் குழுக்களாக உட்காரவைத்துப் பேசி 2012இல் எழுதினார்கள். எண்களைவிட அந்தப் பேச்சில் வந்த பயங்கள்தான் பயனுள்ளவை. அவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பூசி வேலை செய்தால் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனை அந்த எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. ஆக, நோயில்லாதவருக்கும் 'பாசிட்டிவ்' என்று சீட்டு வரலாம். மருத்துவருக்கு இது தெரிந்த சிக்கல், வேறு சோதனையால் தீர்த்துவிடுவார். பிரசவத்துக்குப் போன அரசு மருத்துவமனையில், போலீஸ் பிடித்துக்கொண்டுபோன காப்பகத்தில், அவள் யாரிடம் போய் விளக்குவாள்?

'சேர்வேன்' என்று கேள்வித்தாளில் சொன்னவர்களைவிட உண்மையில் வந்து சேர்பவர்கள் குறைவு என்பது பல நாடுகளில் கண்டது. வந்து சேர்வதே சம்மதம் ஆகிவிடாது என்பதை வாய்ஸ் என்ற சோதனை காட்டிக்கொடுத்தது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள். பொதுவாக இளம்பெண்கள், பாலியல் தொழிலாளர்கள் என்று தனியாகத் தேர்ந்தவர்கள் அல்லர். மாதந்தோறும் ஒழுங்காக வந்தார்கள், மருந்தை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள், காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரத்தத்தைப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. பிறகு போய்ப் பக்குவமாகக் கேட்டபோது காரணங்கள் வந்தன. பக்கவிளைவு பயம், வீட்டில் மாத்திரை டப்பாவைப் பார்த்தால் நோயாளி என்று நினைப்பார்களே என்ற பயம். மறுத்தால் அந்த மருத்துவமனையின் நல்ல கவனிப்பு போய்விடும். அதனால் வாயால் சரி என்று சொல்லிவிட்டுக் கையால் மறுத்திருக்கிறார்கள். வேலைக்காரியாக, மருமகளாக, நோயாளியாக இருந்து பழகிய எந்தப் பெண்ணுக்கும் இந்த உத்தி புதிதல்ல.

கூவாகத்துக்கு வருவோம். திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழும் அந்த ஊரில், திருவிழாவையொட்டி ஆணுறை வழங்குவதும் எச்.ஐ.வி. முகாம் போடுவதும் வழக்கம். ஓரிடத்தில் அத்தனை பேர் கிடைப்பது ஆய்வு செய்பவருக்குக் கொழுத்த வாய்ப்பு. ஆனால் பலனைச் சோதிக்கும் ஆராய்ச்சி திருநங்கைகளை எப்படிச் சேர்த்துக்கொண்டது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 2010இல் முடிவு வந்த ஐப்ரெக்ஸ் சோதனை, பிரெப் மாத்திரையை நிலைநாட்டிய பெரிய சோதனை, 2,499 பேர். அதில் 339 பேர் திருநங்கைகள் அல்லது தம்மைப் பெண்ணாக உணர்பவர்கள். முதலில் எல்லோரையும் 'ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள்' கணக்கில் போட்டார்கள். 2015இல் அவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது மாத்திரை பெற்றவர்களில் 11 தொற்று, போலி மாத்திரை பெற்றவர்களில் 10, பலன் இல்லை. மாத்திரையை ஒழுங்காக எடுக்காதது காரணம். ஹார்மோன் எடுப்பவர்களிடம் மருந்தின் அளவு இன்னும் குறைவாக இருந்தது. ஹார்மோனுக்கும் இந்த மாத்திரைக்கும் ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்வி அவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைப் பேசாமல் நடத்திய சோதனையில் அவர்கள் உடம்பால் சேர்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எல்லாம் இருட்டாகவே இல்லை. மைசூரில் அசோதயா சமிதி, கொல்கத்தா சோனாகாச்சியில் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி. இரண்டும் பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அமைப்புகள். 2016இலிருந்து சில ஆண்டுகள் இரண்டும் பிரெப் மாத்திரையைத் தம் உறுப்பினர்களிடம் கொடுத்துப் பார்க்கும் திட்டத்தை நடத்தின. மருந்து பலிக்குமா என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். இந்த ஊரில், இந்தத் தொழிலில் நடைமுறைப்படுமா என்பதே கேள்வி. மைசூரில் 647 பேர், கொல்கத்தாவில் 678 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் கடைசிவரை நின்றார்கள். புதுத் தொற்று ஒன்றும் பதிவாகவில்லை. மாத்திரை வருவதற்கு முன்பே கூட்டங்கள் போட்டு மாதக்கணக்கில் பேசினார்கள். கூட்டு மருந்து டப்பாவைப் போலவே இருக்கிறதே, பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? மாத்திரை போடுகிறாளே என்று வாடிக்கையாளர் ஆணுறை வேண்டாம் என்பானா? பால்வினை நோய்களும் கர்ப்பமும் இதில் நிற்காதே? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்களும் பதில் தேடியவர்களும் உறுப்பினர்களே. 1992இல் சோனாகாச்சித் திட்டத்தைத் தொடங்கி, கடைசிவரை அதோடு இருந்த மருத்துவர் ஸ்மரஜித் ஜனா 2021 மே மாதம் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். தொழிலாளர்களே நிர்வாகம் செய்யட்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தது அறத்துக்காக மட்டும் இல்லை. அப்படிச் செய்தால்தான் வேலை நடக்கிறது என்று கண்டிருந்தார்.

இனி சம்மதம் வாங்கும் முறை. இந்தியச் சட்டம் இப்போது காகிதத்தில் கடுமையானது. 2009 ஜூன் முதல் ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2017ஆம் ஆண்டு ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகள் பாலியல் தொழிலாளர்களைப் பாதிக்கப்படக்கூடியவர்கள் பட்டியலில் வைத்துத் தனிக் கவனம் கேட்கின்றன. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, சம்மதமில்லாமல் பரிசோதனையும் கூடாது, ஆராய்ச்சியும் கூடாது என்கிறது. புதிய மருந்துச் சோதனைகளில் பாதிக்கப்படக்கூடியவர்கள் சம்மதம் தருவதை வீடியோவில் பதிய வேண்டும், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் குரல்பதிவு போதும். முகம் தெரியக் கூடாது என்று யாரோ ஒருவர் டெல்லியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அவருக்கு வணக்கம். ஆனால் குரலும் ஒரு முகம்தான். 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. தொழில் குற்றமில்லை, அதைச் சுற்றியிருக்கும் எல்லாம் குற்றம். 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் போலீசார் இவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு உளுந்தூர்பேட்டை ரோட்டோரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்பதை ரோட்டோரத்தில்தான் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் சம்மதம் தரும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் வேண்டும் என்றும் விதி. வீட்டுக்குத் தெரியாமல் தொழில் செய்பவளுக்கு ஒவ்வொரு சாட்சியும் ரகசியம் கசியும் ஓர் ஓட்டை.

சாட்சியையும் கையெழுத்தையும் வேறொருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பழங்குடிப் பகுதிகள் பார்த்துவிட்டன. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பத்ராசலம் பக்கத்துச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க நிறுவனம் அதைச் சோதனை என்று சொல்லவில்லை, செயல்விளக்கத் திட்டம் என்றது. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்காக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள். தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணை சொன்னது. சம்மதம் வாங்கிய முறை தப்பு என்பதும் நிலைநாட்டப்பட்டது. 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது, 2013இல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது. நல்ல தடுப்பூசிதான் அது. அதன்மேல் விழுந்த சந்தேகம் இந்தியாவில் கழுவப் பல ஆண்டுகள் பிடித்தன. எங்கள் மலையில் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் இருக்கும் உண்டுஉறைவிடப் பள்ளிகளை நினைத்துப் பார்த்தால், காப்பாளர் கையெழுத்து என்பது எவ்வளவு எளிதில் நடந்துவிடும் காரியம் என்று புரியும்.

பணத்தைப் பற்றிக் குறிப்பிட்டே ஆக வேண்டும், ஏனெனில் நெறிமுறைக் குழுக்கள் அதைப் பற்றிப் பேசும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அதிகம் கொடுத்தால் ஆசைகாட்டுவதாகும் என்று போக்குவரத்துச் செலவோடு நிறுத்திவிடுவார்கள். மருத்துவமனையில் அரை நாள் உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. உறுப்பில் பரிசோதனை செய்துகொண்ட அன்றும் மறுநாளும் தொழில் செய்ய முடியாது. இந்த இழப்பைக் கணக்கிட்டுக் கொடுப்பது ஆசைகாட்டுவதல்ல. ஆராய்ச்சிக் குழுவில் எல்லோரும் சம்பளம் வாங்கும்போது, ஏழைப் பெண் மட்டும் தியாகம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் கொஞ்சம் கூச்சமாவது வேண்டும். அதேசமயம் பல பெண்கள் சேர்வதற்குச் சொல்லும் காரணம் பணமில்லை. அங்கே டாக்டர் உட்காரச் சொல்லிப் பேசுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்கிறார்கள். அரசு மருத்துவமனை அதைச் செய்திருந்தால் ஆராய்ச்சிக்கு அந்தக் கவர்ச்சி இருந்திருக்காது.

கேள்வி மறுபடி வரப்போகிறது. லெனகாபாவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொண்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அந்த ஊசி பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று 2024இல் முடிவு வந்தது. 2025இல் அமெரிக்கா அனுமதித்தது, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதை மலிவு விலையில் தயாரிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களில் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் உண்டு. டப்பா இல்லை, தினமும் மறைத்து விழுங்க வேண்டியதில்லை. வாய்ஸ் சோதனைப் பெண்களின் பயத்துக்கு ஓரளவு பதில். இது இங்கே பாலியல் தொழிலாளர்களிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று பார்க்கும் ஆய்வுகளும், இதையடுத்த மருந்துகளின் சோதனைகளும் தமிழ்நாட்டுக்கு வரும்போது, நம்பிக்கை மையத்தின் வாசலில் யாராவது ஒருத்தி கம்போடியக்காரியைப் போல ஒரு கேள்வியைக் கேட்பாள்: சோதனை முடிந்த பிறகு இந்த ஊசி எனக்குக் கிடைக்குமா?

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. சோதனை முடிந்த பிறகும் மருந்தை இலவசமாகத் தர வழியுண்டு: ஆய்வாளர் பரிந்துரைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும், அந்த நிலைக்கு மாற்றுச் சிகிச்சை இல்லாதிருக்க வேண்டும், மருந்து அவருக்குப் பலன் தந்திருக்க வேண்டும். விதியை எழுதியவர் மனத்தில் இருந்தது ஒரு நோயாளி. தடுப்பு மருந்துக்கு வருபவள் நோயாளி அல்ல. அவளுக்கு நோய் வராமல் இருப்பதே பலன், அதைத் தனியொருத்தியிடம் காட்ட முடியாது. மாற்று இல்லையா என்றால், ஆணுறை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. வரிக்கு வரி படித்தால் அவளுக்கு அந்த விதியில் இடமில்லை. சோதனைக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் தானாக எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அதை எழுதி, தமிழில் எழுதி, முத்திரையோடு கொண்டுவந்தால், எத்தனை பேர் சேர்வார்கள் என்று கேள்வித்தாள் அடிக்கும் செலவு மிச்சம்.